முத்தத்துக்குத் தடா... காசில் முகம்!

அமெரிக்காவில் வேலை பார்க்கிற அண்ணனோ, அக்காவோ லீவுக்கு ஊருக்கு வந்தா, அவங்க பர்ஸில் இருக்கிற சில்லறையைக் கொட்டிப் பாருங்க. அதிர்ஷ்டம் இருந்தா ஒரு 25 சென்ட் காசில், நெற்றியில் நேராக வெட்டிய முடியோடு, கையில் முகத்தைச் சாய்ச்சபடி ஒரு பெண் உங்களைப் பார்ப்பார். 2022-ல் வெளியான காசு அது. அமெரிக்கப் பணத்தில் இடம்பிடித்த முதல் ஆசிய வம்சாவளி அமெரிக்கர் இவர்தான். பெயர், அன்னா மே வோங். மௌனப் பட காலத்து நட்சத்திரம்!

ஆனா, இன்னிக்குக் காசில் முகம் போட்ட அதே தேசம், அன்னிக்கு இவருக்கு ஒரு முழு ஹீரோயின் வேஷம் கொடுக்க என்ன பாடு படுத்துச்சு தெரியுமா?

கட் அடிச்ச பொண்ணு

1905 ஜனவரி 3-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர் அன்னா. நிஜப் பெயர் வோங் லியூ சோங். அப்பா லாண்டரி வச்சிருந்தார். பொண்ணுக்கோ சினிமா கிறுக்கு. ஸ்கூலுக்கு கட் அடிச்சிட்டுத் தெருவில் நடக்கிற ஷூட்டிங்கை வாய் பிளந்து பார்த்துக்கிட்டு நிற்கும். 14 வயசில், 1919-ல் வந்த 'தி ரெட் லான்டர்ன்' படத்தில், விளக்கு தூக்கிப் போகிற கூட்டத்தில் ஒருத்தியாக முதல் சான்ஸ்.

17 வயசில் ஜாக்பாட்! 1922-ல் வந்த 'தி டோல் ஆஃப் தி ஸீ'. டெக்னிகலர் கம்பெனியின் ஆரம்ப கால கலர் படம். அன்னாதான் ஹீரோயின். வசனம் பேச வழியில்லாத காலம்... கண்ணும் கையும்தான் பேசணும். வெள்ளைக்கார கணவன் கைவிட்டதும், குழந்தையைக் கொடுத்துட்டுக் கடலில் விழுகிற சீனப் பெண் வேஷம். 17 வயசுப் பொண்ணு நடிப்பா இதுன்னு அசந்துடுவீங்க.

வில்லி இல்லேன்னா பலி

அதுக்கப்புறம் வரிசையா ஹீரோயின் சான்ஸ் குவிஞ்சிருக்கணுமே? அதான் இல்லை! 1924-ல் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்'தில் சூழ்ச்சிக்கார அடிமைப் பெண். அப்புறம் பார்த்தா, ஒண்ணு வில்லி... இல்லேன்னா காதலிச்சு ஏமாந்து சாகிறவள். முக்கியமான ஆசிய வேஷம் வந்தா, வெள்ளைக்கார நடிகைக்கு மேக்கப் போட்டு நிறுத்திடுவாங்க. கலிஃபோர்னியாவில் வெள்ளையரும் சீனரும் கல்யாணம் செய்துக்கவே 1948 வரை சட்டம் தடை போட்டிருந்தது. 1930-ல் ஹாலிவுட் தனக்குத்தானே எழுதிக்கிட்ட விதிகளில் வெள்ளையர் - கறுப்பர் உறவைக் காட்டத் தடை. ஆசியர்களுக்கும் அதையே நீட்டிட்டாங்க. அப்புறம் எங்கே முத்தம், எங்கே டூயட்?

பொறுத்துப் பார்த்தார் அன்னா. 1928-ல் பெட்டியைக் கட்டி ஐரோப்பாவுக்குக் கிளம்பிட்டார். 1929-ல் பிரிட்டிஷ் படம் 'பிக்காடிலி'. லண்டன் கிளப்பின் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற ஷோஷோ, மேடையேறி ஊரையே கிறங்கடிக்கிற கதை. இதிலும் கடைசியில் சாவுதான். ஆனா, படம் முழுக்க கேமரா இவரைச் சுற்றித்தான்!

பேசும் படம் வந்ததும் பல மௌனப் பட நட்சத்திரங்கள் காணாமல் போனாங்க. அன்னாவோ, 1930-ல் ஒரே கதையை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சுன்னு மூணு மொழியிலும் தானே பேசி நடிச்சார். எப்படி? மொழியைக் கத்துக்கிட்டார்... அவ்வளவுதான்!

'முடியாது' என்ற சொல்

பெரிய அடி விழுந்தது 'தி குட் எர்த்' படத்தில். சீன விவசாயக் குடும்பத்தின் கதை. ஹீரோ பால் முனி, வெள்ளைக்காரர். அதனால் மனைவியாக நடிக்கிறவரும் வெள்ளைக்காரராத்தான் இருக்கணும்! லூயிஸ் ரெய்னர் நடிச்சு, ஆஸ்கரும் வாங்கினார். அன்னாவுக்குக் கிடைச்சது, குடும்பத்தைக் கெடுக்கிற இரண்டாம் தாரம் வேஷம். 'முடியாது'ன்னு மறுத்துட்டு 1936-ல் சீனா கிளம்பினார். அங்கேயோ, 'நம்ம பெண்களைக் கேவலமாக் காட்டினவள்'னு சிலர் திட்டினாங்க! அமெரிக்காவிலேயே பிறந்தவர்தான். ஆனா, வெளிநாடு போனால் திரும்பி வர அனுமதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். சீனர் என்பதால். ரெண்டு ஊருமே 'நீ எங்க ஆளில்லை'ன்னு சொன்னா எப்படி இருக்கும்... யோசிச்சுப் பாருங்க.

1951-ல் தன் சீனப் பெயரையே தலைப்பில் வச்சு ஒரு டி.வி. தொடரில் நாயகியானார். அமெரிக்க டி.வி.யில் ஆசிய வம்சாவளி நாயகிக்கு அதுதான் முதல் தொடர். ஒரு எபிசோடுகூட இன்னிக்கு மிச்சமில்லை. 1961 பிப்ரவரி 3-ல், 56 வயசில், மாரடைப்பில் இறந்தார்.

'தி குட் எர்த்' வெளியானது 1937-ல். மலேசியாவின் மிஷெல் யோ சிறந்த நடிகை ஆஸ்கரை வாங்கியது 2023-ல். நடுவில் எத்தனை வருஷம்னு நீங்களே கழிச்சுக்கங்க. திறமைக்குப் பஞ்சமா இத்தனை வருஷம்? இல்லவே இல்லை.

'தி டோல் ஆஃப் தி ஸீ' ஒரு மணி நேரம்கூட ஓடாது. இணையத்தில் தேடிப் பாருங்க, கிடைக்கும். சத்தமே இல்லாமல், அந்தக் கண்கள் என்னவெல்லாம் பேசுதுன்னு பார்த்துட்டுச் சொல்லுங்க!