குளிசை கூடினால் சுகம் கூடுமா?



மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்து எம்மை ஆளாக்கியவர்கள், இன்று வயது போய் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரஷர், சீனி வருத்தம், முழங்கால் வலி என்று ஆளுக்கு ஒன்றோ இரண்டோ வருத்தம் உண்டு. ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒரு குளிசை உண்டு. இந்தக் குளிசைகள் அவர்களை வாழ வைக்கின்றன. ஆனால் கணக்குப் பார்க்காமல் ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கொடுத்தால், அதே குளிசைகள் ஆளை விழுத்தியும் விடும். இம்முறை அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறோம்.

நாம் கண்ட சம்பவம்

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில், நாம் கடமையாற்றும் தோட்டத்தில் எழுபத்திரண்டு வயது அம்மாயி ஒருவர் இரவில் மலசலகூடத்துக்குப் போக எழுந்தார். வாசற்படியில் தலை சுற்றி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து போனது. "படி வழுக்கிருச்சுங்க" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் அப்படி விட்டுவிடவில்லை. "வீட்டுல அவங்க குடிக்கிற மருந்து எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்று மகனிடம் சொன்னார். மகன் ஒரு பிஸ்கட் டின்னையே கொண்டு போனார். அதற்குள் பதினொரு வகைக் குளிசைகள் இருந்தன.

கிளினிக்கில் கொடுத்த பிரஷர் குளிசையும் சீனிக் குளிசையும் இருந்தன. டவுனில் முழங்கால் வலிக்குக் கொடுத்தவை, பெயர் எழுதாத சின்னக் கடதாசி உறைகளில் இருந்தன. தடிமனுக்குக் கடையில் வாங்கிய பிரிட்டன் இருந்தது. நித்திரை வரவில்லை என்று பக்கத்துக் காம்பராவில் கொடுத்த குளிசையும் இருந்தது. இரண்டு உறைகளில் இருந்தது ஒரே வலி மருந்துதான், கம்பனிப் பெயர் மட்டும் வேறு.

இதில் எமக்கும் பங்குண்டு. டவுனுக்குப் போகும்போதெல்லாம் பழைய துண்டைக் காட்டி அந்த வலிக் குளிசையை வாங்கி வந்து கொடுத்தவர்கள் நாமே. உதவி என்றுதான் நினைத்தோம். "இது இன்னும் தேவையா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வயது போனால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

நாம் குடிக்கும் மருந்துகளில் பல, வேலை முடிந்ததும் சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன. வயது கூடக்கூட சிறுநீரகத்தின் வேலை குறைகிறது. ஈரலும் முன்போல வேகமாக மருந்தைக் கரைப்பதில்லை. ஆகவே இளையவருக்குச் சரியான அளவு, முதியவருக்கு அதிக அளவாகிவிடுகிறது. நேற்றுக் குடித்தது முழுதும் வெளியேற முன் இன்றைய குளிசை உள்ளே போகிறது. மூளையும் நித்திரை மருந்துகளுக்குச் சீக்கிரம் மயங்கும்.

இது உலகம் முழுவதும் உள்ள பிரச்சினை. 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் டொக்டர் மார்க் பியர்ஸ் என்பவரும் அவரது குழுவினரும், முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலொன்றை வெளியிட்டார்கள். அது இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. 2023இலும் புதுப்பிக்கப்பட்டது.

விசேட கவனம் தேவையானவை

1. வலிக் குளிசைகள். டைக்ளோபினாக், இபுபுரொபன் போன்றவை வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யலாம். பிரஷரைக் கூட்டும். லொசாட்டன், எனலபிரில் போன்ற பிரஷர் குளிசையும், சிறுநீர் போகும் குளிசையும் குடிப்பவர் இதையும் சேர்த்துக் குடித்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதடையலாம். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டு வலிக்குப் பனடோல் போதுமா என்று முதலில் டொக்டரிடம் கேளுங்கள். அதையும் சொன்ன அளவுக்கு மேல் குடிக்க வேண்டாம்.

2. சீனிக் குளிசைகள். கிளிபென்கிளமைட் போன்றவை முதியோரின் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும். குளிசையைக் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலோ, விரதம் பிடித்தாலோ இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும். ஆள் நினைவோடு இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மருந்து இன்னும் உள்ளே இருப்பதால் சீனி மறுபடியும் இறங்கக்கூடும்.

3. நித்திரைக் குளிசையும் பிரிட்டனும். டயசிபாம் போன்றவை அடுத்த நாளும் மயக்கத்தை விட்டு வைக்கும், கால் தடுமாறும். பிரிட்டன் தடிமனுக்குத்தானே என்று நினைக்கிறோம். முதியோருக்கு அது குழப்பம், வாய் வறட்சி, மலச்சிக்கல் தரும், ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் செய்யும்.

மருந்துக்கு மருந்து

இன்னொரு விசயத்தையும் கவனியுங்கள். நிபெடிப்பின், அம்லோடிப்பின் என்ற பிரஷர் குளிசைகளால் சிலருக்குக் கால் வீங்கும். அதைப் புது வருத்தம் என்று நினைத்து, வேறோரிடத்தில் சிறுநீர் போகும் குளிசை கொடுப்பார்கள். அதனால் இரவில் நான்கு தரம் எழும்ப வேண்டி வரும். இருட்டில் எழும்பினால் விழுவார். அதனால் முதியவருக்குப் புதிதாக ஏதாவது வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "ஐயா, இது குடிக்கிற மருந்தாலே வந்ததா இருக்குமா?"

நாம் செய்ய வேண்டியவை

எந்த டொக்டரிடம் போனாலும் கிளினிக் கொப்பியையும், வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கடையில் வாங்கியதையும், நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம்.

பெயர் எழுதாத உறையை வாங்க வேண்டாம். மருந்தின் பெயரையும் எதற்கு என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பனிப் பெயரல்ல, மருந்தின் உண்மைப் பெயர் வேண்டும். ஒரே மருந்தை இரண்டு பெயரில் குடிக்காமலிருக்க அதுவே வழி. மருந்தை அதன் உண்மைப் பெயரால் எழுத வேண்டும் என்று பாடுபட்டவர் எமது நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகவும் அவரே காரணமாக இருந்தார்.

உறையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால், பாடசாலை போகும் பேரப்பிள்ளையை தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு, காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் உறையில் வரைந்து வைக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது, "இதில் எதைக் குறைக்கலாம், எதை நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போனால் விளக்கமாகக் கேட்கலாம்.

பக்கத்துக் காம்பராக் குளிசையும் பழைய துண்டும் வேண்டவே வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இதை வாசித்துவிட்டு எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பிரஷர், இருதயம், வலிப்பு, நித்திரைக் குளிசைகளைத் திடீரென நிறுத்துவது பெரிய ஆபத்து. நிறுத்துவதும் குறைப்பதும் டொக்டரின் வேலை. எல்லாவற்றையும் அவர் கண்முன் வைப்பது எமது வேலை.

அந்த அம்மாயி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். பதினொன்று ஐந்தாகக் குறைந்திருக்கிறது. "இப்பதாங்க தல தெளிவா இருக்கு" என்கிறார். கால்தான் பழையபடி வரவில்லை. டின்னைத் திறந்து பார்க்க ஆள் விழும்வரை நாம் காத்திருந்தோம். நீங்கள் காத்திருக்க வேண்டாம். இன்று மாலை வேலை முடிந்து வந்ததும், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் டின்னைத் திறந்து பாருங்கள்.