புதுமனையும் மின்கம்பியும்: சுவர் பூசுமுன் சிந்திப்போம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்னும் பழமொழியின் முழுப் பொருளும் வீடு கட்டியவர்க்கே விளங்கும். அடிக்கல் நாட்டிய நாள் தொட்டு மணல், செங்கல், சிமெண்டு, இரும்புக் கம்பி என ஒவ்வொன்றையும் குடும்பத் தலைவர் விலை விசாரித்துத் தரம் பார்த்து வாங்குகிறார். தலைவாயிற் கதவுக்குத் தேக்கா, வேங்கையா என்று வீடே கூடி ஆலோசிக்கிறது. ஆனால் மின்கம்பியைப் பற்றிய பேச்சு எழும்போது மட்டும், "அதை எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்" என்று ஒரே சொல்லில் பொறுப்பை இறக்கி வைத்துவிடுகிறோம். வர்ணம் பிடிக்காவிடில் மறு ஆண்டு மாற்றலாம். சுவருக்குள்ளும் மேல்தளத்துக்குள்ளும் புதைந்துவிட்டதை மாற்ற வேண்டுமாயின் வீட்டை உடைத்தாக வேண்டும். மேலும், பிடிக்காத வர்ணத்தால் எவரும் உயிரிழப்பதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் புதுமனை மந்திரிப்புக்கு அழைக்கப்படும் குருக்கள் இப்போது ஒரு புதுமையைக் காண்கின்றனர். கைப்பேசியைத் தொட்டால் விளக்கு எரிகிறது. வாயால் சொன்னால் விசிறி சுழல்கிறது. விஞ்ஞானம் தந்த வசதியை வேண்டாம் என்பார் இலர். ஆயினும் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்ற வரிசை தெரிந்திருத்தல் நலம். அவ்வரிசையைப் பங்குக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்றைய வீடும் இன்றைய வீடும்

நம் வட்டாரம் தொழிலாளரால் வளர்ந்த வட்டாரம். 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனம், 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவற்றை நாடி வந்தவர்கள் இங்கே அரை கிரவுண்டும் ஒரு கிரவுண்டும் வாங்கி வீடு கட்டினார்கள். அன்றைய வீட்டில் அறைக்கு ஒரு குண்டு விளக்கு, கூடத்தில் ஒரு மின்விசிறி, ஒரு வானொலிப் பெட்டி. தேக்குப் பட்டையின் மேல் ஓடிய கம்பி கண்ணுக்குத் தெரிந்தது. பழுதும் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று அதே மனையில் பிள்ளைகள் எழுப்பும் மாடி வீட்டின் நிலை வேறு. விளக்கும் விசிறியும் முன்னிலும் குறைவாகவே மின்சாரம் கொள்கின்றன. 60 வாட் குண்டு விளக்கின் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. பழைய விசிறி 75 வாட் கொண்டது, பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். ஆனால் வெந்நீர்க் கீசர் 2,000 முதல் 3,000 வாட், மின்காந்த அடுப்பு 2,000 வாட், ஒன்றரை டன் குளிரூட்டி ஏறத்தாழ 1,500 வாட், ஒரு குதிரைத் திறன் நீரேற்றி 746 வாட் என்று கனத்த சாதனங்கள் பெருகிவிட்டன. இவற்றுள் மூன்று ஒரே நேரத்தில் ஓடும் விடியற்காலையை மனத்தில் கொண்டே கம்பி இழுக்கத் திட்டமிட வேண்டும்.

பொதுவாக விளக்குக்கும் விசிறிக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும், குளிரூட்டிக்கும் பெரிய கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் இடுவது வழக்கம். குளிரூட்டி, கீசர், நீரேற்றி ஒவ்வொன்றுக்கும் மின்பெட்டியிலிருந்து தனித்தனி வழி செல்லட்டும். மின்சார வாகனம் வாங்கும் எண்ணம் இன்று இல்லாவிடினும், வண்டி நிறுத்தும் இடத்திற்கு ஒரு தனிக் குழாயாவது புதைத்து வையுங்கள். கம்பிச் சுருளின் மேல் ஐ.எஸ். 694 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒரு சுருளில் மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய் நாற்பது ஆண்டுக் கவலைக்கு ஈடாகாது.

எம்.சி.பி. யாரைக் காக்கிறது?

புதிய வீட்டார் பலர் மின்பெட்டியில் வரிசையாக நிற்கும் எம்.சி.பி.க்களைக் காட்டி, "எல்லாப் பாதுகாப்பும் செய்துவிட்டோம்" என்று மகிழ்கிறார்கள். இங்கேதான் பெரியதொரு தவறான எண்ணம் இருக்கிறது. எம்.சி.பி. காப்பது கம்பியை, அது சூடேறித் தீப்பற்றாமல் தடுக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியர் வரை தாராளமாக மின்சாரத்தை விடும். மனித உடல் வழியே ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்து உயிர் போகக்கூடும். ஆகவே மனிதன் துடிக்கும்போது எம்.சி.பி. பேசாமல் இருக்கும். அது பழுதான கருவி என்பது பொருளன்று. அதன் வேலை வேறு.

எர்த் கம்பி இருந்தால் போதாதா என்று கேட்கலாம். எர்த் இன்றியமையாதது, ஆயினும் அது மட்டும் போதாது. கீசரின் உள்ளே பழுதாகி அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறிவிட்டது எனக் கொள்வோம். எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால், 230 வோல்ட்டை 20-ஆல் வகுக்க 11.5 ஆம்பியர் கிடைக்கும். இந்த மின்சாரம் மண்ணுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும்; 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது. கோடையில் குழி காய்ந்து தடை கூடக் கூட ஆபத்தும் கூடும்.

இக்குறையை நிரப்புவதே ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. வீட்டுக்குள் போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியே திரும்பி வரும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவு வழிதவறினாலும், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. குளியலறை, சமையலறை, நீரேற்றி, வீட்டின் வெளிப்புறம் ஆகிய ஈரமுள்ள இடங்களின் வழிகள் அனைத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் கீழ் வரவேண்டும். டிசம்பர் மாதத்தில் மாடிமுகப்பில் விண்மீன் தொங்கவிடுகிறோம்; குடிலுக்குச் சரவிளக்கு போடுகிறோம். அவற்றிற்கென வெளிப்புறத்தில் மூடியுள்ள ஒரு பிளக்கு வைத்து, அதையும் இதே காவலின் கீழ்க் கொண்டுவந்தால், ஜன்னல் வழியே கம்பியை இழுத்து ஒட்டுப் போடும் வழக்கம் ஒழியும்.

ஒரு பெருந்தீமையையும் இங்கே சுட்ட வேண்டும். "அடிக்கடி விழுந்து தொல்லை கொடுக்கிறது" என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் இன்வெர்ட்டரின் நியூட்ரலையும் பொது நியூட்ரலையும் கலந்துவிட்டதனாலோ, எங்கோ கம்பியின் உறை கிழிந்து ஈரம் பட்டதனாலோ அது விழுகிறது. கூர்க்கா விசில் ஊதுகிறார் என்பதற்காக அவரை வேலையை விட்டு நீக்குவோமா? கோளாற்றைத் தேட வேண்டும். இன்வெர்ட்டர் வழிக்கெனத் தனி நியூட்ரல் இழுக்குமாறு முதலிலேயே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை வராது.

வெள்ளம் கற்பித்த பாடம்

2015 டிசம்பர் பெருமழையையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நம் வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். இரு முறையும் கொரட்டூரில் தெருக்கள் நீரில் மூழ்கின; மிக்ஜாம் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளும் நீர் புகுந்தது. இடையே 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல தெருக்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன.

ஆகவே தாழ்வான பகுதியில் கட்டுவோர் முன்னர் நீர் நின்ற உயரத்தை அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்து, மீட்டரையும் மின்பெட்டியையும் கீழ்த்தளப் பிளக்குகளையும் அதற்கு மேலாக அமைக்க வேண்டும். கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் இருப்பின், நீர் புகும்போது கீழ்த்தளத்தை மட்டும் நிறுத்திவிட்டு மாடியில் விளக்கெரியச் செய்யலாம். இன்வெர்ட்டரை மாடியிலோ உயர்ந்த மேடையிலோ வையுங்கள். மின்வாரியம் இணைப்பைத் துண்டித்த பின்னரும் இன்வெர்ட்டர் தன் மின்கலத்திலிருந்து 230 வோல்ட்டை அனுப்பிக்கொண்டேயிருக்கும் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். வீட்டினுள் நீர் ஏறத் தொடங்கியதும், கால் நனையும் முன்னரே அதையும் நிறுத்துவது உயிர்காக்கும் செயல்.

தானியங்கி வீடு: எங்கே தொடங்குவது?

வீட்டுச் சாதனங்களைத் தொலைவிலிருந்து இயக்கும் எண்ணம் புதிதன்று. 1975-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் நகரைச் சார்ந்த பைக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் எக்ஸ்-10 என்னும் முறையை உருவாக்கியது; வீட்டின் மின்கம்பிகள் வழியாகவே கட்டளைகள் சென்றன. அதன்பின் எத்தனையோ முறைகள் தோன்றி மறைந்துவிட்டன. ரெவால்வ் என்றொரு கருவி, வீட்டுச் சாதனங்களை ஒருங்கே ஆளும் என்று அமெரிக்காவில் விற்கப்பட்டது. 2014-இல் அந்நிறுவனத்தை நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவை நிறுத்தப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் பயனற்ற பெட்டி மட்டுமே எஞ்சியது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுமாறு மேட்டர் என்னும் பொதுவிதி 2022-இல்தான் வெளிவந்தது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? கருவிகளின் ஆயுள் சில ஆண்டுகள். சுவரின் ஆயுள் ஒரு தலைமுறைக்கு மேல். ஆதலின் இன்று கருவிகளுக்குப் பெரும் பணம் செலவிடுவதைவிட, நாளை எக்கருவி வந்தாலும் ஏற்கும்படி சுவரை ஆயத்தம் செய்வதே அறிவுடைமை. அதற்கு நான்கு செயல்கள் போதும்.

முதலாவது, ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டிக்கும் நியூட்ரல் கம்பி செல்லட்டும். விளக்குக்கு மட்டுமான சுவிட்சுக்கும், மாடிப்படியின் இருவழிச் சுவிட்சுக்கும் நியூட்ரல் கொண்டுபோகாமல் விடுவது பழைய வழக்கம். தானியங்கிச் சுவிட்சுகள் பெரும்பாலானவை நியூட்ரல் இன்றி இயங்கா.

இரண்டாவது, சுவிட்சுப் பெட்டிகள் ஆழமானவையாக இருக்கட்டும். சுவிட்சின் பின்னே சிறு கருவியைப் பொருத்த அந்த இடம் தேவைப்படும்.

மூன்றாவது, மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளுக்கு முன்னரே 25 மில்லிமீட்டர் வெற்றுக் குழாய்கள் சிலவற்றை உள்ளே இழுகம்பியோடு புதைத்து வையுங்கள். தொலைக்காட்சி, வாயில் மணி, கண்காணிப்புக் காமிரா, கணிப்பொறி இருக்கும் இடங்களுக்கு இணையக் கம்பி செல்லும் குழாய், மின்கம்பிக் குழாயோடு சேராமல் தனியே ஓட வேண்டும்.

நான்காவது, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தொட்டிக்கும் நீரேற்றிப் பெட்டிக்கும் ஒரு குழாய். நம் பகுதிக்கு மிகப் பயனுள்ள தானியங்கி எது என்று கேட்டால், தொட்டி நிறைந்ததும் நீரேற்றியை நிறுத்துவதும், கீழ்த்தொட்டி வற்றியபோது அது வெறுமனே ஓடிக் கருகாமல் காப்பதும் ஆகிய இதையே சொல்ல வேண்டும். லாரித் தண்ணீரை விலைகொடுத்து வாங்கும் தெருவில், நிரம்பி வழியும் தொட்டி பணத்தையும் நீரையும் ஒருங்கே வீணாக்குகிறது. இதற்கு இணையமும் வேண்டா, கைப்பேசியும் வேண்டா. மலிவான உணர்கருவியும் ஒரு கம்பியும் போதும்.

அடுத்து முதியோர். நள்ளிரவில் குளியலறைக்குச் செல்லும் வழியில், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறு கால்விளக்கு ஒன்று பாட்டியை விழாமல் காக்கும். ஆயின் எந்தத் தானியங்கி அமைந்தாலும், சுவரில் சாதாரணச் சுவிட்சு இருந்தே தீர வேண்டும். இணையம் நின்ற நாளிலும், கைப்பேசி அறியாத பெரியவர் தனித்திருக்கும் வேளையிலும், விருந்தினர் வந்த இரவிலும் விளக்கு எரிய வேண்டுமன்றோ? வீட்டிலுள்ளோரில் ஒருவருக்கு மட்டும் கட்டுப்படும் வீடு குடும்பத்தின் வீடாகாது.

மூன்று கடமைகள்

இறுதியாக வீட்டுத் தலைவரின் கடமைகள் மூன்று. உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடமே பணியை ஒப்படையுங்கள். இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்கும்போது அவர் இடும் கையொப்பம், வேலையை நேரில் சோதித்தேன் என்பதற்கான சான்று. வந்து பாராமலே கையொப்பம் மட்டும் விலைக்குக் கிடைக்கும் இடங்களும் உண்டு, அவ்வழியை நாடாதீர்கள். மெகர் கருவியால் கம்பிகளின் உறையையும், எர்த் குழியின் தடையையும் உங்கள் கண்முன் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அளந்து காட்டும் தொழிலாளிக்குக் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.

அடுத்து, சுவர் பூசுவதற்கு முந்தைய நாள், ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவைப் பிடித்துப் புகைப்படம் எடுத்து, வரைபடத்தோடு வீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பில் வையுங்கள். பத்தாண்டுக்குப் பின் படம் மாட்ட ஆணியடிக்கும் மகனுக்கு அது பயன்படும்.

மூன்றாவது கடமை என்றும் தொடர்வது. ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் "டி" என்று குறித்த சிறு பொத்தான் உண்டு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை அதை அழுத்துங்கள்; உடனே இணைப்பு விழ வேண்டும். விழாவிடில் அன்றே கருவியை மாற்றுங்கள். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரிடம் இப்பணியை ஒப்படைத்து, நாட்காட்டியில் அந்நாளைக் குறித்து வைக்கச் சொன்னால் மறதிக்கு இடமிராது.