கித்தாரிலிருந்து கீபோர்டுக்கு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கோயில் திருவிழா என்றால் இரவில் கானமேளா உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. அதனால் மேடையேறும் குழுவுக்கு இரண்டு மொழியும் கைவசம் இருப்பது நல்லது. மலையாள மெல்லிசையில் தொடங்கும் நிகழ்ச்சி, இளவட்டங்கள் எழுந்து ஆடும் நேரத்தில் தமிழுக்குத் தாவிவிடும். ரஹ்மான் பாட்டு இல்லாமல் அந்தத் தாவல் அபூர்வம். முன்னால் பாடகர், பின்னால், ஒரு காலத்தில் தபலாவும் வயலினும் உட்கார்ந்திருந்த இடத்தில் கீபோர்டும் ரிதம் பேடும்.

இந்த இடமாற்றத்தின் கதை 80களின் சென்னையில் இருக்கிறது. சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா ஆகியோர் இருந்த குழுவின் பெயர் 'ரூட்ஸ்'. கீபோர்டில் திலீப் குமார் என்ற மெலிந்த இளைஞர். அவரே பின்னர் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவையும் தொடங்கினார். ஏ.ஆர். ரஹ்மான் ஆனது அதன்பின்.

மேல்நாட்டிலும் ராக் குழுக்கள் கட்சி மாறிய காலம் அது. அமெரிக்காவின் 'பிளாண்டி' 70களின் இறுதியிலேயே தாள இயந்திரத்துடன் டிஸ்கோவுக்குப் போனது. இங்கிலாந்தின் 'ஜாய் டிவிஷன்' பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980இல் தற்கொலை செய்துகொள்ள, மற்றவர்கள் 'நியூ ஆர்டர்' ஆகி, சிந்தசைசர் ஆட்சி செய்யும் 'புளூ மண்டே'யை 1983இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் யமஹாவின் டிஎக்ஸ்7 கடைக்கு வந்தது. ஒரு கருவி இன்னொரு கருவிக்கு உத்தரவு போட உதவும் 'மிடி' முறையும் வந்தது. இளையராஜா 1986இல் 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' படங்களில் கம்ப்யூட்டர் இசையைக் கையாண்டார்.

ஆனால் திலீப்புக்குக் கீபோர்டு வெறும் ஸ்டைல் அல்ல, சோறு. மலையாளப் படங்களுக்கு இசையமைத்த தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அப்பாவின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. பிறகு பெரிய இசையமைப்பாளர்களிடம் வாசிப்பு, விளம்பரப் படங்கள், 1989இல் சொந்த ஸ்டூடியோ. 1992இல் வந்த 'ரோஜா' தேசிய விருது வாங்கித் தந்தது. அதே ஆண்டு மலையாளத்தில் 'யோதா'.

பழைய கூட்டாளி சுரேஷ் பீட்டர்ஸ், 'ஜென்டில்மேன்' (1993), 'காதலன்' (1994) படங்களில் ரஹ்மானுக்குப் பாடியவர். 1998இல் 'பஞ்சாபி ஹவுஸ்' மூலம் அவரும் மலையாளத்தில் மெட்டுப் போட்டார். ராக் மேடைக்காரர்களின் கைவண்ணம் இப்படியாகக் கோயில் திடல்வரை வந்து சேர்ந்தது.

இயந்திரம் உயிரைக் குடித்துவிட்டது என்று புலம்புவதில் பாதிதான் நியாயம். 'பம்பாய்' படத்தின் புல்லாங்குழல், நவீன் மூச்சில் பிறந்தது. எந்தப் பொத்தானும் தந்ததல்ல. சிவமணியும் கூடவே இருந்தார். ரஹ்மான் யந்திரத்தோடு மனிதரையும் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்துக் கீபோர்டு வாங்கிய சிறு குழுக்களுக்கு அந்த வசதி ஏது? வயலின், குழல், ஏன் நாகஸ்வரம்கூட ஒரே ஆளின் விரல்களில். கமிட்டியின் கணக்கும் எளிது: ஆள் குறைந்தால் வேன் சின்னது, சாப்பாட்டுச் செலவு மிச்சம். அடிபட்டவர்கள், ஒரு திருவிழாக் காலத்தை நம்பி மீதி ஆண்டை ஓட்டிய வாத்தியக்காரர்கள்.

செண்டைக்காரர்கள் மட்டும் தப்பினார்கள். எழுந்தருளிப்புக்கு முன்னால் கீபோர்டை வைத்துச் சமாளிக்கலாம் என்று எந்தக் கமிட்டிக்கும் தோன்றாது. மேளத்துக்கு இன்றும் ஆட்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அதுவும் வரிசை வரிசையாக.