நாலு சக்கரமும் சுற்றினால் போதுமா?

"பிரான்சு போய் மூணு மாசம் இருந்துட்டு வந்தீங்களே, என்னக்கா பார்த்தீங்க?" என்று எங்கள் சேதராப்பட்டில் கேட்காதவர் பாக்கியில்லை. ஈபில் கோபுரத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். "டயர் பார்த்தேன்" என்றால் சிரிப்பு! சிரிக்கட்டும். பச்சைக் குழந்தையோடு நான் இறங்கி வந்த அந்த மலை ரோட்டை அவர்கள் பார்த்ததில்லையே.

மகளின் பிரசவத்துக்காகப் போனேன். 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அந்த ஈரம் காயுமுன் விமானம் ஏறினேன். மாப்பிள்ளையின் தாத்தா 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் வந்த குடியுரிமையில்தான் இவர்கள் அங்கே இருக்கிறார்கள். கிரெனோபிள் நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு கிராமத்தில் வீடு. நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாது என்று மலை ஏறிவிட்டார்கள்.

நான் போய் இறங்கியபோது வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்களிடம் இருந்தது சின்னக் கார். அதில் எஞ்சின் முன் சக்கரம் இரண்டை மட்டும்தான் இழுக்கும். "குழந்தை பிறந்தாச்சு, அத்தை. இந்த மலையில பனிக் காலத்துக்கு நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி வேணும்" என்று மாப்பிள்ளை சொல்கிறார். அதைப் பிரெஞ்சில் 'கத்-கத்' என்கிறார்கள். நாலுக்கு நாலு என்று அர்த்தமாம். ஐந்து வருஷக் கடனில் வாங்குவதாக யோசனை. மகளோ, "வேலைக்கு நான் திரும்பப் போறதுக்குள்ள கடனா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற வீட்டில் இது நல்லதா, சொல்லுங்கள்!

கார் பேச்சு எழுந்ததற்கு ஒரு சட்டமும் காரணம். பிரான்சில் 2021 நவம்பர் முதல், மலைப் பகுதி மாவட்டங்களில் குறிக்கப்பட்ட ஊர்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, காரின் நான்கு சக்கரத்திலும் பனிக்கால டயர் இருக்கவேண்டும். இல்லையென்றால், இழுக்கும் சக்கரம் இரண்டுக்காவது மாட்டும்படி சங்கிலி வண்டியில் இருக்கவேண்டும். நாலு சக்கர இழுவை வண்டிக்கும் இதில் விலக்கு இல்லை. முதலில் 'எம்+எஸ்' என்று எழுத்துப் பொறித்த டயரையும் ஒப்புக்கொண்டார்கள். சேறு, பனி என்பதற்கான எழுத்து அது. 2024 நவம்பரிலிருந்து அது மட்டும் போதாது; மூன்று முகடு மலைக்குள் பனிப்பூ போட்ட முத்திரை வேண்டும். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. மாப்பிள்ளையின் டயரில் எழுத்து மட்டும்தான் இருந்தது.

வழக்கைத் தீர்த்தவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அந்த மலையில் ரொட்டி வண்டி ஓட்டிப் பிழைத்தவர். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். மகள் மொழிபெயர்க்க, அவர் மாப்பிள்ளையைக் கேட்டார்: "கிளம்புறதுக்கு வண்டி வேணுமா, நிக்கிறதுக்கு வேணுமா?"

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி பனியில் சுலபமாகக் கிளம்பும், ஏற்றம் ஏறும். வாஸ்தவம். ஆனால் பிரேக் எல்லாக் காரிலுமே நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது! பெரிய வண்டிக்கு அதில் என்ன விசேஷம்? நிற்பதும் திரும்புவதும் ரப்பர் தரையைப் பிடிப்பதில் இருக்கிறது. சொல்லப்போனால் கனமான வண்டி இறக்கத்தில் இன்னும் உந்தும். நன்றாகக் கிளம்பிவிட்டதே என்ற தைரியத்தில் ஓட்டுகிறவர் வேகமும் வைத்துவிடுவார்.

சாதாரண டயர் ஏன் பிடிக்காது? மார்கழியில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் புட்டியில் உறைந்து நிற்கிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை அல்லவா? ரப்பரிலும் அப்படி ஜாதி உண்டு. கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைக்க ஆரம்பிக்கும். பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி செய்தது. அதன் மேலே கத்தியால் கீறினாற்போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள். பனி அந்த வெட்டுகளில் போய் அடைந்துகொள்ளும். பனியோடு பனி ஒட்டும், பிடிப்பு வரும். பின்லாந்துக்காரர்கள் 1934-லேயே லாரிக்காக இப்படித் தனி டயர் செய்துவிட்டார்கள். அதையே நம் ஊர் வெயிலில் மாட்டினால் சீக்கிரம் தேய்ந்துபோகும், பிரேக்கும் சரியாக நிற்காது. அதனால்தான் அங்கே வசந்தத்தில் கழற்றி நிலவறையில் அடுக்கிவிட்டு, கோடை டயரை மாட்டுகிறார்கள். நாம் கம்பளியைப் பெட்டியில் வைப்பதுபோல.

காசை மிச்சம் பிடிக்க, "முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தினா?" என்று நான் கேட்டேன். பெரியம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை! முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் வழுக்கினால் வளைவில் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடுமாம். நாலும் மாற்றினோம். ஆன செலவு, பெரிய வண்டிக்குக் கட்டவிருந்த ஒரு மாதத் தவணையைவிடக் கொஞ்சம்தான் கூட.

மாட்டின வாரமே பனி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, மூடியிருந்த கடை ஒன்றின் வெற்று மைதானத்தில் மாப்பிள்ளை மெதுவாக ஓட்டிப் பிரேக் போட்டுப் போட்டுப் பழகினார். எந்த வண்டிக்கும் இந்தப் பழக்கம் வேண்டும் என்பது பெரியம்மாவின் உத்தரவு. பனிக்கால டயர் போட்டாலும், காய்ந்த ரோட்டில் நிற்பதுபோல நிற்காது. தள்ளித்தான் நிற்கும். அதைக் கண்ணால் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஜனவரியில் ஓர் இரவு, குழந்தைக்கு நாற்பது நாள்கூட நிறையவில்லை, உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரில் 38.4. நம் கணக்கில் 101-க்கு மேல். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 தொட்டாலே வீட்டில் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி. இளம் தாய்மார்கள் இதை மட்டும் மனசில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வெளியே கணுக்கால் உயரப் பனி.

குழந்தையை அதன் நாற்காலியில் கட்டினோம். கனத்த கோட்டைக் கழற்றிவிட்டுப் பட்டையை இறுக்கி, மேலே கம்பளியைப் போர்த்தினாள் மகள். கோட்டோடு கட்டினால் பட்டை தளர்ந்துவிடுமாம். மாப்பிள்ளை இரண்டாவது கியரிலேயே, பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்கினார். முருகா, முருகா என்று நான் பின்சீட்டில். மூன்றாவது வளைவில் ஒரு பெரிய கத்-கத், மூக்கு பள்ளத்துக்குள் இருக்க, விளக்கு சிமிட்டிக்கொண்டு நின்றது. வண்டிக்காரர் வெளியே நின்று, "எனக்கு ஒன்றுமில்லை, உதவிக்குச் சொல்லியாயிற்று, நிறுத்தாமல் போங்கள்" என்று கையைக் காட்டினார். நாங்கள் ஊர்ந்து கடந்தோம். அந்த இருபது நிமிஷ ரோட்டுக்கு முக்கால் மணி ஆயிற்று.

இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஏதோ வைரஸ் காய்ச்சல், பயமில்லை என்று அனுப்பினார்கள். பள்ளத்தில் இறங்கிய வண்டியில், வாங்கியபோது இருந்த கோடை டயரே கிடந்ததாம். பெரியம்மா விசாரித்துவந்து சொன்னார். மாப்பிள்ளை பதில் பேசவில்லை. கடன் பேச்சு அதற்குப் பிறகு எழவும் இல்லை.

நம் நாட்டிலும் பனிக்கு ஆசைப்பட்டு மணாலி போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2020-ல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். பனி கொட்டும் நாளில் நாலு சக்கர இழுவை வண்டியையும் சங்கிலி மாட்டியதையும் மட்டும் போலீசார் விடுவது உண்டு. அதை வைத்துக்கொண்டு 'பெரிய வண்டி, பயமில்லை' என்று குழந்தை குட்டியோடு ஏறுகிறவர்கள், டயர் என்ன டயர் என்று ஒரு தடவை குனிந்து பார்க்கட்டும்.

சேதராப்பட்டில் பனியாவது ஒன்றாவது! ஆனால் ஊர் திரும்பிய மறுநாளே நான் மருமகளின் ஸ்கூட்டருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். தொழிற்பேட்டை லாரிகள் ஓடும் மயிலம் ரோட்டில், பேரனை அவள் அதில்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறாள். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுசு முடிந்தது. காருக்கு 1.6 மில்லிமீட்டர், ஸ்கூட்டருக்கு 0.8 என்பது நம் சட்டத்தின் கணக்கு. அந்தப் பள்ளம்தான் மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவது. அது இல்லாவிட்டால் தண்ணீர் மேல் வண்டி மிதக்கும். மருமகளின் பின் டயரில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மொட்டை! ஃபெஞ்சல் மழையில் இதிலா என் பேரன் போனான்?

"வண்டி பழசாயிடுச்சும்மா, தீபாவளிக்குப் புதுசு எடுத்துடலாம்" என்றான் மகன்.

"தீபாவளிக்கு வண்டி எடு. டயரை இன்னைக்கு மாத்து" என்றேன்.

பஞ்சர் கடைத் தம்பி பழைய டயரைக் கழற்றி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எப்படிங்கம்மா இதுல மழை முழுக்க ஓட்டினாங்க?" என்று என்னைக் கேட்டான். மருமகள் உள்ளே போய்விட்டாள்.