சாவி யார் கையில்?

புதுச்சேரியின் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827-இல் தொடங்கப்பெற்றது. நூலகத்தில் உறுப்பினர் யார் யார் என்பதைப் பதிவேடு சொல்லும். கணிப்பொறி வலைப்பின்னலுக்கும் அப்படி ஒரு பதிவேடு தேவை. ஏன் தெரியுமா?

ஓர் அலுவலகத்தில் நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுமதி வழங்குவது கடினம். ஆகவே ‘கணக்குப் பிரிவு’ என்றொரு குழு அமைத்து, சம்பளக் கோப்பைத் திறக்கும் உரிமையைக் குழுவுக்கே தந்துவிடுவார்கள். குழுவில் பெயர் சேர்ந்தால் கதவு திறக்கும்; நீக்கினால் மூடிக்கொள்ளும்.

கணக்கர் வேறு பிரிவுக்கு மாறுகிறார். பெயரை நீக்க மறந்தால்? பழைய சாவி அவரிடமே இருக்கும். அவருடைய கடவுச்சொல்லைத் திருடுபவனுக்கும் அது கிடைத்துவிடும்!

பல அலுவலகங்கள் தம் கணிப்பொறிகளின் பராமரிப்பை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கின்றன. அங்குள்ளவர்களுக்கு இந்தக் கணக்கரைத் தெரியாது. எனவே யார், எந்தக் குழுவில், எதற்காக, யாருடைய ஒப்புதலால், என்று சேர்ந்தார் என எழுதிவைக்க வேண்டும். கணிப்பொறி பெயரைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. இரு பட்டியல்களையும் அவ்வப்போது ஒப்பிட்டால் வேண்டாத பெயர் அகப்பட்டுவிடும்.

வேலைக்குத் தேவையான உரிமை மட்டும் போதும் என்று 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் வலியுறுத்தினார்கள்.

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தின் சாவி யார் யாரிடம் இருக்கிறது? எழுதிப் பாருங்களேன்!