பழவேற்காடு: வயலுக்கு இட்டது ஏரிக்கு

பிச்சாட்டூரில் நெல்லுக்குத் தூவும் யூரியாவுக்கும் பழவேற்காட்டில் வலை வீசும் மீனவருக்கும் என்ன சம்பந்தம்? ஆரணி ஆறுதான். பழைய சித்தூர் மாவட்டக் குன்றுகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, வழிநெடுக வயல்களின் வடிநீரையும் வாங்கிக்கொண்டு ஏரியில் கலக்கிறது அது. சூலூர்ப்பேட்டை வழியே காளங்கி ஆறும் வந்து சேர்கிறது. சில்காவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உப்பங்கழியான பழவேற்காட்டின் பெரும்பகுதி, 2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதிலிருந்து திருப்பதி மாவட்டத்தின் பொறுப்பு.

ஏரிக்கு ஆபத்து என்றதும் எல்லோரும் கைகாட்டுவது இறால் பண்ணைகளை. சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. பண்ணைக்கு உரிமையாளர் உண்டு, கழிவுக் குழாய் உண்டு. ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து கசியும் நைட்ரஜனுக்கு அப்படியொரு முகவரி இல்லை.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். நெல்வயலில் இடுவதில் பெரும்பாலும் பாதிகூடப் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. மீதியில் கொஞ்சம் காற்றில் கலக்கிறது. கொஞ்சம் நைட்ரேட்டாகக் கிணற்று நீரில் இறங்குகிறது. உரமிட்ட மறுநாள் மழை கொட்டினால் ஓடையோடு போகிறது. கடல்நீர் கலக்கும் ஏரிகளில் பாசியை அடக்கி வைத்திருப்பது பெரும்பாலும் நைட்ரஜன் பற்றாக்குறைதான். அது தீர்ந்தால் பாசி பெருகும். மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன்கள் திணறும். முகத்துவாரம் மணல்மூடிக் கிடக்கும் மாதங்களில் கடல் வந்து அலசிவிடவும் வழியில்லை.

விவசாயியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 267 ரூபாய். 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். 2010இல் மற்ற உரங்களுக்கான மானிய முறையை மாற்றிய மத்திய அரசு, யூரியாவை மட்டும் தொடவில்லை. மலிவானதை அள்ளி இடுவது இயல்புதானே! 2015இல் வேப்பெண்ணெய் பூசிய யூரியா கட்டாயமானது. நைட்ரஜன் மெதுவாக வெளிப்படும் என்பது கணக்கு. விவசாயிகள் மூட்டைக் கணக்கில்தான் இடுகிறார்கள் என்பதால், 2018இல் 50 கிலோ மூட்டையே 45 கிலோவாகச் சிறுத்தது.

வயலில் செய்யக்கூடியதும் உண்டு. உரத்தைத் தவணைகளாகப் பிரிப்பது, இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுவது, மழை அறிவிப்பு இருந்தால் தள்ளிப்போடுவது, ஓடைக்கரையில் புல் வளர்ப்பது. சிக்கல் என்னவென்றால், இதில் மிச்சமாவது ஒரு மூட்டை, 267 ரூபாய். அதற்காக யார் மெனக்கெடுவார்?

ஆனால் நைட்ரஜன் மிஞ்சினால் பயிர் சாயும், புகையான் பூச்சி பெருகும், மருந்துச் செலவு ஏறும். ஏரிக்காக யூரியாவைக் குறைக்காத விவசாயி, மருந்துக்கடை பாக்கிக்காகக் குறைக்கக்கூடும். பழவேற்காட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் ஏரிக்கரை அல்ல, பிச்சாட்டூர் உரக்கடை.