அழைத்தால் வரும் முதலை

காட்டு விலங்கைத் தேடி அலைவதைவிட அதைத் தன் இருப்பிடத்துக்கு வரவழைப்பது மேல் என்பது வேட்டையை அறிந்த மக்கள் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அதற்கென அவர்கள் இலையையும் மூங்கிலையும் கொம்பையும் தம் தொண்டையையுமே கருவியாக்கிக் கொண்டனர். எந்த ஒலி எந்த விலங்கை வரவழைக்கும், ஏன் வரவழைக்கும் என்பதை அளந்து காட்டும் ஆய்வுகள் மட்டும் அண்மைக் காலத்தில்தான் வந்தன. அவற்றுள் மிகத் தெளிவான சில, பெரும்பூனை ஒன்றுகூட இல்லாத அந்தமான் தீவுகளில் வேட்டையாடிகளின் தலைமையிடத்தைப் பிடித்திருக்கும் முதலைக் குடும்பத்தைப் பற்றியவை.

வாயால் ஊதி விலங்கை அழைக்கும் கலை இன்றும் உயிரோடிருக்கும் இடங்களுள் ஒன்று வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. கனடாவின் வடமேற்கிலிருந்து சிலியின் தென்கோடிவரை பரவியிருப்பதும், மலைச்சிங்கம் என்றும் கூகர் என்றும் பெயர்பெற்றதுமான பூமாவை அங்குள்ளோர் கையால் செய்த சிறு குழலைக் கொண்டு வரவழைக்கின்றனர். மரத்திலோ கொம்பிலோ கடைந்த ஒரு குழல், காற்றுப்பட்டு அதிரும் மெல்லிய தகடு ஒன்று, அவ்வளவே கருவி. நாகசுரத்தில் சீவாளி செய்யும் வேலையை இதில் அத்தகடு செய்கிறது. தகடு குழலுக்குள் மறைந்திருந்தால் ஊதுவது எளிது, ஆனால் அதிலிருந்து பிறக்கும் ஒலிவகைகள் குறைவு. தகடு வெளியே தெரியும்படி அமைந்திருந்தால் பல்லாலும் உதட்டாலும் அதன் அதிரும் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் முயலின் கீச்சொலி முதல் மான்குட்டியின் கதறல்வரை எழுப்பலாம். அது கைவர நாளாகும்.

சுருதியைச் சரியாகப் பிடித்துவிட்டால் போதும் என்று கருதிச் சீரான, தூய ஓசையை எழுப்ப முயல்வது கற்பவர் செய்யும் முதல் தவறு. துன்பத்தில் கதறும் உயிரின் குரல் தூயதாக இருப்பதில்லை. நுரையீரலிலிருந்து காற்று மிகுந்த அழுத்தத்தோடு வெளியேறும்போது குரல்நாண்கள் தம் சீரான அதிர்வை இழந்து, ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியும், இடையிடையே வெறும் இரைச்சலாகச் சிதறியும் ஒலிக்கின்றன. ஒலியியலார் இதனை ஒழுங்கற்ற அதிர்வு என்பர். குழலில் அதே விளைவைப் பெற வேண்டுமானால், வயிற்றிலிருந்து காற்றை வேகமாகத் தள்ளித் தகட்டை அது தாங்கும் அளவுக்கு மேல் அதிரச்செய்து, பின்னர் உயிர் தளர்வது தோன்ற ஓசையைத் தாழ்த்தி நிறுத்த வேண்டும். அதைவிடக் கடினமானது அதன்பின் வரும் காத்திருப்பு. ஓநாய்க்கு உறவான கயோட்டி இத்தகைய ஒலிக்கு ஓடியே வந்துவிடும். பூமாவோ மறைவிலிருந்து மறைவுக்கு நகர்ந்து, நின்று, நோட்டமிட்டு, ஓசையின்றி வருவதால், அழைப்பவர் ஒரு மணி நேரம்கூட அசையாமல் அமர்ந்திருக்க நேரும். வந்து பார்த்துவிட்டுப் போன பூனையைக் கடைசிவரை காணாமலே எழுந்து செல்லவும் நேரும். மேற்கிலும் எல்லா இடத்திலும் இதற்கு இடமில்லை; கலிபோர்னியா மாநிலத்தில் 1990ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பின் வழியாகப் பூமா வேட்டையே தடை செய்யப்பட்டுவிட்டது.

பூமாவிடம் குழல் தூண்டுவது பசியை. விலங்கின் வேறு தேவைகளையும் ஒலியால் தூண்டலாம். குமாவுன் மலைப்பகுதியில் தாக் என்ற ஊரை நடுங்கவைத்த ஆட்கொல்லிப் பெண்புலியை ஜிம் கார்பெட் 1938 நவம்பரில் ஆண்புலியைப் போலத் தம் தொண்டையால் குரல்கொடுத்து வரவழைத்துச் சுட்டார். அப்புலி துணை தேடும் பருவத்தில் இருந்ததால் அந்த அழைப்பு பலித்தது. தென் அந்தமானின் சிடியா தாப்புக் காட்டில் பறவை காண வருவோர் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடும்போது வேட்டைக்கார ஆந்தை அருகிலுள்ள கிளையில் வந்து அமர்வதற்குப் பசியும் காரணமன்று, துணைத்தேடலும் காரணமன்று. தன் எல்லைக்குள் புகுந்துவிட்ட போட்டியாளனை விரட்ட அது வருகிறது. இல்லாத எதிரியோடு மல்லுக்கு நிற்கும் பறவை இரை தேடும் நேரத்தை இழப்பதால், இனப்பெருக்கக் காலத்திலேனும் இம்முறையைக் கைவிட வேண்டும் என்று பறவையியலார் வற்புறுத்துகின்றனர்.

அந்தமானில் எவ்வளவு திறமையாகக் குழல் ஊதினாலும் புலியோ சிறுத்தையோ வராது. கடல் சூழ்ந்த அத்தீவுகளைப் பெரிய ஊனுண்ணிப் பாலூட்டிகள் தாமாக எட்டவில்லை. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் கொன்று தின்ன ஆளின்றிப் பெருகியபோது, அவற்றைக் குறைப்பதற்காக 1950களின் தொடக்கத்தில் விடப்பட்ட சிறுத்தைகளும் நிலைக்கவில்லை. செம்மூக்கு முதலை என்றும் உவர்நீர் முதலை என்றும் வழங்கும் இனமே அங்கே மிகப் பெரிய வேட்டையாடி. ஆண் ஐந்து, ஆறு மீட்டர்வரை வளரும் இம்முதலை ஆற்றிலும் அலையாத்திக் காடுகளின் உப்பங்கழியிலும் திறந்த கடலிலும் வாழ வல்லது. மாமல்லபுரத்தை அடுத்து 1976இல் சென்னை முதலைப் பண்ணையை உருவாக்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் அந்தமானில் இதனைக் கணக்கெடுத்து, 1978இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அறிக்கை வெளியிட்டனர். தென் அந்தமானின் லோஹாபராக் பகுதி இம்முதலைக்கென்றே சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

முதலையை ஊமையாக எண்ணுவோர் பலர். உண்மையில் ஊர்வனவற்றுள் அதனளவு குரலை நம்பி வாழும் விலங்குகள் மிகச் சில. பெண் செம்மூக்கு முதலை இலைதழைகளையும் சேற்றையும் குவித்து மேடமைத்து, அதனுள் ஏறத்தாழ ஐம்பது முட்டைகளை இட்டு, அவை பொரிய ஆகும் மூன்று மாத அளவும் அருகிலிருந்து காவல் காக்கிறது. பொரியும் நாள் நெருங்கியதும் ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல்கொடுக்கத் தொடங்குகின்றன. அமெலி வெர்ன், நிக்கோலா மத்தெவோன் ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர் இருவர் நைல் முதலையைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனை, இக்குரல் இரு சாராருக்கும் பயன்படுவதைக் காட்டியது. பதிவுசெய்த குரலைக் கேட்ட முட்டைகளுக்குள் இருந்த குஞ்சுகள் தாமும் குரலெழுப்பி, ஏறக்குறைய ஒரே வேளையில் ஓட்டை உடைத்து வெளிவந்தன. கூட்டருகே மறைத்துவைத்த ஒலிபெருக்கியிலிருந்து அதே குரல் எழுந்தபோது தாய் முதலைகளுள் பெரும்பாலானவை மண்ணைத் தோண்டின, வெற்றிரைச்சல் எழுந்தபோது அவ்வாறு செய்யவில்லை.

வெளிவந்த குஞ்சு, தாயையும் உடன்பிறப்புகளையும் விட்டு விலகாதிருக்கக் குறுகிய தொடர்புக்குரலையும், நாரையோ உடும்போ கவ்வினால் உரத்த அபயக்குரலையும் எழுப்புகிறது. இரண்டும் உயர்ந்த சுருதியில் தொடங்கிச் சட்டெனத் தாழ்பவை. இந்தச் சரிவு இனத்துக்கு இனம் பெரிதாக வேறுபடாததால், ஓரினக் குஞ்சின் குரலுக்கு வேற்றின முதலையும் திரும்புகிறது. முதலையின் செவி கண்ணுக்குப் பின்னால் தோல்மடலால் மூடப்பட்ட ஒரு பிளவு. இரு செவிகளும் மண்டையோட்டினுள் காற்றறைகளால் இணைந்திருப்பதால் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அது நுட்பமாக அறிந்துகொள்கிறது. குஞ்சு வளர வளரக் குரலின் சுருதி தாழ்கிறது; சிறு குஞ்சின் குரலுக்குத் தாய் காட்டும் பரபரப்பைப் பெரிய குஞ்சின் குரலுக்குக் காட்டுவதில்லை என்று 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு தெரிவித்தது. முதலை வாழும் நாடுகள் பலவற்றில் வேட்டைக்காரரும் இயற்கையாளரும் தொண்டையைச் சுருக்கி எழுப்பும் குறுமுனகல், கேட்பதற்குக் கரடுமுரடாக இருந்தும், பலித்துவந்ததற்கு இதுவே விளக்கம்: சுருதி பிசகினாலும் சரிவு பிசகாத வரையில் முதலை அதைக் குஞ்சின் குரலாக ஏற்கிறது.

ஏற்றுக்கொண்டு வரும் முதலை எதற்காக வருகிறது என்பதில்தான் சிக்கல். தாய் தன் குஞ்சைக் காக்க வரலாம். சிறு முதலைகளைத் தின்னத் தயங்காத பெரிய முதலை எளிய இரையென்று கருதியும் வரலாம். மத்தெவோனின் குழுவினர் மொராக்கோவின் அகாதிர் நகரிலுள்ள முதலைப் பூங்காவில் நைல் முதலைகளுக்கு மனிதக் குழந்தை, சிம்பன்சிக் குட்டி, போனபோ என்னும் மனிதக்குரங்கின் குட்டி ஆகியவற்றின் அழுகையை ஒலிக்கச்செய்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். முதலைகள் ஒலிபெருக்கியை நோக்கி நீந்தின, சில அதைக் கடிக்கவும் முயன்றன. பெரும்பாலும் வேட்டை நோக்கத்தோடே வந்தன என்றாலும், சில பெண் முதலைகளைத் தாய்மை உணர்வும் இழுத்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதினர். அழுகையின் துன்ப அளவை முதலைகள் எதைக்கொண்டு கணித்தன என்பது அந்த ஆய்வின் சுவையான பகுதி. அதே ஒலிகளைக் கேட்ட மனிதர் சுருதியை அளவுகோலாகக் கொண்டதால், இயல்பிலேயே மிக உயர்ந்த குரலுடைய போனபோக் குட்டியின் துன்பத்தை மிகைப்படுத்தி மதிப்பிட்டனர். முதலைகளோ குரலிலுள்ள ஒழுங்கற்ற அதிர்வைக் கவனித்து, மனிதரைவிடச் சரியாகவே மதிப்பிட்டன. தகட்டை அளவுக்கு மேல் அதிரவைத்து ஓசையை உடைக்கக் கற்ற பூமா அழைப்பாளர்கள், ஆய்வுக்கூடம் எதுவுமின்றி அனுபவத்தால் கண்டடைந்ததும் இதே கூறுதான்.

இந்தியாவில் இக்கலைக்குச் சட்டத்தில் இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் செம்மூக்கு முதலை இடம்பெற்றுள்ளது. கொல்வதும் பிடிப்பதும் மட்டுமன்றி, விரட்டுவதும் இரைகாட்டி இழுப்பதும் அவற்றுக்கான முயற்சியும் அச்சட்டத்தின்படி வேட்டையே. ஆய்வுக்கோ மேலாண்மைக்கோ பயன்படலாம் என்றாலும் இது ஏற்ற கருவியன்று. கணக்கெடுப்போர் இரவில் படகில் சென்று, விளக்கொளியில் கனலும் கண்களை எண்ணுகின்றனர். அபயக்குரலை ஒலித்தால் குஞ்சுடைய தாய்களும் துணிந்த முதலைகளும் மட்டுமே வெளிவந்து அந்த எண்ணிக்கையைக் கோணலாக்கிவிடும். 2010இல் ஹேவ்லாக் தீவின் கடற்கரையோரம் நீந்திய வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலைக்கு இரையானதைப் போன்ற நிகழ்வுகளுக்குப் பின், தொல்லை தரும் முதலையைப் பிடிக்க வனத்துறை இறைச்சி கட்டிய கூண்டுகளையே வைக்கிறது. குரல் கொடுத்து அழைத்தால் குற்றம் செய்த முதலை இருக்க, கூடு காக்கும் பெண் முதலை வந்து நிற்கக்கூடும். தவிரவும், கூண்டிலுள்ள இறைச்சிக்குத் துணையாக யாரும் அங்கே இருக்க வேண்டியதில்லை; அழைப்பவரோ தம் குரல் எங்கிருந்து எழுகிறதோ அந்த இடத்திலேயே, நீர்மட்டத்துக்கு அருகில், முதலை வரும்வரை அமர்ந்திருக்க வேண்டும்.